பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய படம்

அன்புள்ள அத்தானுக்கு,

டீட்டிகோனிலிருந்து மைத்துனன் தம்பித்துரை எழுதுவது. துன் நகரில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க நயினை அம்மாளை வேண்டுகிறேன். என் சுகத்தைக் கேட்காதீர்கள், அது நாளைக்குத்தான் தெரியும். வட்ஸ்அப்பில் எழுதியிருப்பேன். போனமுறை உங்களுக்கு மட்டும் எழுதியது குடும்பக் குழுமத்துக்குப் போய், கனடா மாமி அழுதது நினைவிருக்கும்.

எங்கள் கிடங்கில் எல்லோருக்கும் முதுகு நோவு என்று, வேலைப் பாதுகாப்புக்கு ஷ்டெட்லர் என்றொரு அம்மா வந்திருக்கிறா. சினிமா பிறக்குமுன்னரே கமெராக்களை வரிசையாக வைத்து, ஓடுகிற குதிரையையும் சம்மட்டி அடிக்கிற ஆளையும் அசைவு அசைவாகப் படம் பிடித்தார்களாம். அதில் அவவுக்குப் பைத்தியம். எங்களையும் அப்படியே பிடிக்கவேண்டுமென்று, எனக்குக் கறுப்பு உடுப்பை மாட்டி, கை கால் நீளத்துக்கு வெள்ளை நாடா ஒட்டி, "வழமைபோல வேலை செய்யுங்கோ" என்றா. அந்தக் கோலத்தில் என்ன வழமை?

தூக்கியது பள்ளிக்கூடப் புத்தகப் பெட்டி, அத்தான். கால் பட்டுவிட்டது. என்ன செய்வேன்? தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். குனிந்தால் தொந்தி இடிக்கும், அதனால் குந்தித்தான் தொட்டேன். கால் பட்ட நேரமெல்லாம் ஒற்றியிருக்கிறேன், எனக்கே தெரியாது. படங்களைச் சுவரில் ஒட்டினால், வெள்ளை நாடா ஒட்டின கை பெட்டிக்குப் போகுது, கண்ணுக்கு வருகுது, திரும்பவும் பெட்டிக்குப் போகுது. அவ பேனையால் வட்டம் போட்டு, "இது என்ன அசைவு?" எண்டு கேட்டா. சரஸ்வதியில் தொடங்கினால் என்ரை ஜெர்மன் எங்கை போய் முடியும்? "கண் கொஞ்சம் மங்கல்" எண்டு சொல்லிப்போட்டன்.

என்ரை வாயிலை கொள்ளி வைக்க! "மங்கல் கண்ணோடையோ ஸ்டாப்லர் ஓடுறீங்கள்?" எண்டா. ஸ்டாப்லர் எண்டால் பெட்டி அடுக்கிற வண்டி. அதை ஓடாட்டில் அங்கை என்னாலை ஒருத்தருக்கும் பிரயோசனமில்லை. இந்த வயசிலை வேறை ஆர் வேலை தருவினம்? சாவியை வாங்கிப்போட்டா. நாளைக்குக் கண் வைத்தியரிட்டைப் போகவேணும். கண் நல்லமெண்டால் நான் பொய்யன், மங்கலெண்டால் வேலை இல்லை. சோறு இறங்குதில்லை, மனுசி பரமேஸ்வரி தன்ரை கறியிலை குறையோ எண்டு கோவிக்கிறா. அவவுக்குச் சொல்லவும் பயமாக்கிடக்கு. குடும்பத்திலை வேறை ஆருக்கும் கண் வருத்தமோ எண்டு ஷ்டெட்லர் அம்மா கேக்க, பதட்டத்திலை உங்கடை பேரைச் சொல்லிட்டன். போன் வந்தால், "ஓம், பரம்பரை வருத்தம்" எண்டு சொல்லுங்கோ. அக்காவைக் கட்டினவருக்கு எங்கடை பரம்பரைக் கண் வராதெண்டு அவவுக்கு எங்கை தெரியப்போகுது?

அக்காவுக்கு அன்பு, பிள்ளையளுக்கு ஆசி. உங்களை அம்மாள் கைவிடமாட்டா, என்ரை விஷயம்தான் தெரியேல்லை.

இப்படிக்கு,
கலங்கிப்போன மைத்துனன்
தம்பித்துரை

பி.கு.: கடிதத்தைப் போட மறந்துபோனன். போன் வந்தால் ஒண்டும் சொல்லாதேங்கோ. கண்ணிலை ஒரு குறையுமில்லையாம், சாவியும் திரும்பி வந்திட்டுது. ஷ்டெட்லர் அம்மாவுக்கு உண்மையையும் சொல்லிப்போட்டன். அவ வட்டம் போட்டது குற்றம் பிடிக்கவில்லையாம். குந்தின அந்தப் படங்களிலை மட்டும்தானாம் ஒருத்தன் முதுகை நிமிர்த்தி, முழங்காலை மடிச்சிருக்கிறான். கிடங்கு முழுக்க அதைப் பழக்க என்னைத்தான் போட இருந்தவவாம். நான் கண் மங்கலெண்ட உடனை, அந்தப் பதவியை எங்களோடை வேலை செய்யிற அல்பானியனுக்குக் குடுத்திட்டா. இப்ப காலமையிலை அவன் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, என்ரை படத்திலை உள்ளபடியே குந்தி, பெட்டியைத் தொட்டுக் கண்ணிலை ஒற்றக் காட்டிக்குடுக்கிறான். நானும் வரிசையிலை நிக்கிறன். அவன் ஒற்றுறது இடக்கையாலை, அத்தான்!