நாற்பதுக்கு மேல் ஓடினால்தான் பிரிண்ட்

புத்தளம் மாவட்டத்தில் பெட்டிசன் நானாவின் கடிதத்துக்குப் பயப்படாத அலுவலகம் ஒன்றுகூட இல்லை. அவருடைய காருக்குப் பயந்த கழுதையும் ஒன்றுகூட இல்லை.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சத்தியக்கடதாசிக்கு அத்தாட்சி வைக்கிற சமாதான நீதவான் என்பதால் அந்தப் பெயர் போட்ட முத்திரையும் இருந்தது. ஆனால் முத்திரையை அவர் எப்போதும் தலைகீழாகவே குத்துவார். அதனால் யாரும் அதை வாசித்ததில்லை. மதுரங்குளியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் ஊருக்கெல்லாம் அவர் பெட்டிசன் நானாதான், அதாவது பெட்டிசன் அண்ணன். விண்ணப்பம், முறைப்பாடு, மேன்முறையீடு, சத்தியக்கடதாசி என்று கடதாசியில் அடிக்கக்கூடிய எல்லாவற்றையும் செய்து கொடுப்பார்.

நான் அவரிடம் தட்டச்சு வேலைக்குப் போனபோது நேர்முகப் பரீட்சை இரண்டே கேள்விகளில் முடிந்தது.

"தமிழ் டைப்பிங் தெரியுமா தங்கச்சி?"

"ஓம் நானா."

"காருக்குள்ள வாந்தி வருமா?"

"இல்ல."

"அப்ப நாளைக்கு வாங்க."

இரண்டாவது கேள்விக்கு அர்த்தம் மறுநாள் விளங்கியது. என்னுடைய அலுவலகம் காரின் முன் இடதுபக்க ஆசனம். பின் ஆசனத்தின் ஒரு பாதியில் பிரிண்டர் இருந்தது, மறுபாதி வாடிக்கையாளருக்கு. காரின் நிறம் வெள்ளை என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்தது. நேரில் பார்த்தவர்கள் அதை நம்பவில்லை.

நீதிமன்றத்துக்கு முன்னால் அவருக்கு ஒழுங்கான அறை ஒன்று முன்பு இருந்ததாம். ஒருநாள் எட்டுப் பக்க மேன்முறையீடு ஒன்றின் கடைசி வரியில் கரண்ட் போயிற்று. லெப்டொப்பின் பெட்டரி ஏற்கனவே செத்துப் போயிருந்ததால் எட்டுப் பக்கமும் அதோடு போயிற்று. நானா லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து காரின் முன் ஆசனத்தில் வைத்தார்.

"கரண்ட் என்னத் தேடி வராட்டி, நான் கரண்டக் கொண்டு திரியிறன்" என்றார். அதற்குப் பிறகு அந்த அறைக்கு அவர் திரும்பிப் போகவேயில்லை.

காரில் சிகரட் பற்றவைக்கிற ஓட்டை ஒன்று உண்டல்லவா, அதில் ஒரு வயரைச் செருகி, இன்வேர்ட்டர் என்ற செங்கல் அளவுப் பெட்டியோடு இணைத்திருந்தார். கார் பெட்டரியின் கரண்டை அது வீட்டுக் கரண்டாக மாற்றிக் கொடுக்கும். லெப்டொப்பும் பிரிண்டரும் அதில்தான் ஓடின. லெப்டொப்புக்குப் புதுப் பெட்டரி வாங்கினால் என்ன என்று ஒருதரம் கேட்டேன். "காருக்குள்ள பெட்டரி இருக்கே. ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு மருமகளா?" என்று கேட்டார்.

அந்த ஒரு மருமகளின் குணம் லேசுப்பட்டதல்ல. கார் நாற்பதுக்கு மேல் ஓடினால்தான் அவளுக்குத் தெம்பு. வேகம் குறைந்தால் இன்வேர்ட்டர் 'கீ' என்று கத்தத் தொடங்கும். கத்திப் பத்து விநாடியில் எல்லாம் அணைந்துவிடும். ஆகவே எங்கள் அலுவலகத்துக்குச் சட்டதிட்டங்கள் இருந்தன. ஏசி போடக்கூடாது. எஞ்சினை நிற்பாட்டக்கூடாது. முக்கியமாக ஹோன் அடிக்கக்கூடாது. ஹோன் அடித்தால் அந்தக் கரண்டும் பெட்டரியிலிருந்துதான் போக வேண்டும். அதனால் ஹோனுக்குப் பதிலாகப் பின் ஆசனத்து வாடிக்கையாளர் ஜன்னலால் கையை நீட்டிக் கதவில் படபடவென்று தட்டி "வெலகுங்க! வெலகுங்க!" என்று கத்த வேண்டும். நானாவிடம் பெட்டிசன் எழுதப் போனவர்கள் தொண்டை கட்டித்தான் வீடு திரும்பினார்கள்.

இன்னொரு சட்டம் எனக்கு மட்டும். பள்ளம், திருப்பம், பஸ், மாடு எது வந்தாலும் நானா "சேவ்!" என்று கத்துவார். அந்த நொடியே நான் எழுதியதைச் சேமித்துவிட வேண்டும். ஒருநாள் காரை விட்டிறங்கி வாழைப்பழத் தோலில் வழுக்கியபோதும் "சேவ்!" என்று கத்திக்கொண்டேதான் விழுந்தார்.

எனக்கு அது சிரிப்பாகவே இருந்தது, அவர் ஒருதரம் காரணம் சொல்லும் வரைக்கும். தொண்ணூறில், போர்க்காலத்தில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் விரட்டியபோது, மன்னாரைவிட்டு வந்த அவருக்குப் பன்னிரண்டு வயது. உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறிய குடும்பம். காணி உறுதி, பிறப்புப் பத்திரம், வாப்பாவின் வேலைக் கடிதம் எல்லாம் அலுமாரிக்குள்ளேயே கிடந்துவிட்டன. அதற்குப் பிறகு வாப்பா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி, தான் இன்னார்தான் என்று நிரூபிக்கவே தன் மீதி ஆயுளைச் செலவழித்தாராம்.

"மனிசன் முன்னுக்கு நிக்கிறான். ஆனா கடதாசி இல்லாட்டி அவன் இல்ல" என்றார் நானா. சொல்லிவிட்டு உடனே "சேவ்!" என்று கத்தினார். எதிரே கழுதை.

நான் சொல்ல வந்தது எத்தாளை சஃபியா தாத்தாவின் கதை. வெளியூர் வாசகர்கள் குழம்ப வேண்டாம். எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா.

அன்றைக்கு நாங்கள் கற்பிட்டியில் ஒரு முறைப்பாட்டை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பகல் இரண்டு மணிக்குத் தாத்தாவின் கோல் வந்தது. மகள் நஸ்லாவுக்குத் தாதியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. பத்திரங்களைப் பார்க்கிற கடைசி நாள் அன்றுதான். புத்தளத்து அலுவலகத்திலிருந்து இப்போதுதான் அறிவித்தார்களாம்: பிறப்புப் பத்திரத்தில் பாத்திமா நஸ்லா, பாடசாலைச் சான்றிதழில் நஸ்லா பானு. இரண்டும் ஒரே ஆள் என்று சத்தியக்கடதாசி நாலு மணிக்கு முன் வராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

"ஊரில காலையிலருந்து கரண்டும் இல்ல நானா" என்று தாத்தா அழுதார்.

"கரண்ட் என்னட்ட இருக்கு. ரெண்டு பேரும் ரோட்டுக்கு வந்து நில்லுங்க" என்றார் நானா.

நாங்கள் போனபோது தாயும் மகளும் வெயிலில் நின்றார்கள். நஸ்லா காலில் சப்பாத்துப் போட்டு, பத்திரங்கள் வைத்த கோவையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். பிரிண்டரை நஸ்லாவின் மடியில் வைத்து, ஹோன் பொறுப்பைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு நானா காரை எடுத்தார். ஓடிக்கொண்டே சொல்லத் தொடங்கினார்.

"எழுதுங்க தங்கச்சி. எத்தாளையில் வசிக்கும் பாத்திமா நஸ்லா ஆகிய நான், இஸ்லாமிய சமயத்தைச் சேர்ந்தவளாதலால், பயபக்தியுடனும் நேர்மையுடனும் உறுதிப்படுத்திக் கூறுவதாவது..."

நான் அடித்தேன். அடப்டரின் முனை தளர்ந்து போயிருந்ததால் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்து மறுகையால் அடிக்க வேண்டும். அடப்டர் அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரிச் சுட்டது.

முதலாவது பந்தி முடியவில்லை, "சேவ்!" என்றார். வீதியின் நடுவில் ஐந்து கழுதைகள் படுத்திருந்தன. தாத்தா கதவில் தட்டினார், கத்தினார். ஒன்று மட்டும் காதை அசைத்தது. கார் ஊர்ந்தது, இன்வேர்ட்டர் கத்தியது, லெப்டொப் கறுத்துப் போனது.

நஸ்லா இறங்கி ஓடிப்போய்க் கழுதைகளுக்குப் பின்னால் நின்று கைகளைத் தட்டினாள். அவை சோம்பலோடு எழுந்து வழிவிட்டன. லெப்டொப் மறுபடி உயிர் பெற நாலு நிமிடம் பிடித்தது. நானா நேரத்தைப் பார்க்கவில்லை. பாதையை மட்டும் பார்த்துக்கொண்டு, விட்ட சொல்லிலிருந்து தொடங்கினார்: "மேற்படி இரு பெயர்களும்..."

காற்றாலைகள் தெரிகிற இடத்துக்கு வந்தபோது சிகரட் ஓட்டையிலிருந்து 'டிக்' என்று சத்தம் வந்து லேசாகப் புகை கிளம்பியது. பியூஸ் போய்விட்டது. கையில் வேறு பியூஸ் இல்லை.

"நானா, மணி மூணு" என்றேன்.

"எனக்கும் கண் தெரியும்."

பொனட்டைத் திறந்தார். டிக்கியிலிருந்து முதலை வாய் மாதிரிக் கவ்வுகிற இரண்டு கிளிப் போட்ட தடித்த வயரை எடுத்து, கார் பெட்டரியிலேயே நேராகக் கொழுவினார். வயர் கட்டையாக இருந்ததால் இன்வேர்ட்டரைப் பெட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டி வந்தது. அங்கிருந்து நீள வயர் ஒன்றை ஜன்னலால் உள்ளே கொண்டு வந்தார். பொனட் முழுதாக மூடவில்லை. வீதியோரத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த ஒருவர் ஒரு துண்டு நைலோன் கயிறு கொடுத்தார். பொனட்டை அதனால் இறுக்கிக் கட்டினோம்.

"இது பாரதூரமான வேலை நானா, நெருப்புப் பிடிச்சிரும்" என்றார் அவர்.

"நாலு மணிக்குப் பொறகுதான் பாரதூரம்" என்றார் நானா.

மறுபடி ஓட்டம். மூன்றரைக்கு நான் கடைசி வரியை அடித்து முடித்தேன். "பிரிண்ட்!" என்று அவர் கத்த, நான் பொத்தானை அழுத்த, கார் ஐம்பதில் பறக்க, நஸ்லாவின் மடியில் கடதாசி மெல்ல மெல்ல வெளியே வரத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துப் பாலாவிச் சந்தி வந்தது. சந்தியில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார்.

நானா நிறுத்தினார். ஆனால் நியூட்ரலில் போட்டு எக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்தபடி. எஞ்சின் விமானம் கிளம்புவது போல உறுமியது.

பொலிஸ்காரர் கயிற்றைப் பார்த்தார், வயரைப் பார்த்தார். "மொகத மே? எஞ்சின் ஓஃப் கரன்ன" என்றார். என்ன இது, எஞ்சினை நிற்பாட்டு என்கிறார்.

நானா இரண்டு கையையும் கூப்பினார். காலை எடுக்கவில்லை. "பே சேர், பிரிண்ட் வெனவா!" முடியாது, பிரிண்ட் ஆகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

தன் உத்தியோக வாழ்க்கையில் அவர் கேட்ட சாட்டுகளில் இதுதான் புதிது என்று பொலிஸ்காரரின் முகம் சொல்லியது. குனிந்து பின் ஆசனத்தைப் பார்த்தார். நஸ்லா பிரிண்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நேர்ஸ் வேலை, நாலு மணி, இரண்டு பெயர் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கடதாசி முழுதாக வெளியே வந்து அவள் கையில் விழும் வரைக்கும் அந்த மனிதர் அப்படியே குனிந்தபடி நின்றார். பிறகு நிமிர்ந்து நடுச்சந்திக்குப் போய், புத்தளத்துக்குத் திரும்பவிருந்த ஒரு பெரிய லொறியை மறித்துவிட்டு எங்களைப் போகச் சொன்னார். திரும்பி வரும்போது அந்தக் கயிற்றுக்குத் தனியாகத் தண்டம் எழுதுவேன் என்றும் சொல்லிவிட்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அலுவலக வாசலில் இறங்கினோம். கொதிக்கிற பொனட்டின் மேல் கோவையை வைத்து நஸ்லா கையொப்பமிட்டாள். நானா முத்திரையை எடுத்தார். மை காய்ந்திருந்தது. வாயருகே வைத்து இரண்டு தரம் ஊதி, வழக்கம்போலத் தலைகீழாகக் குத்தினார்.

உள்ளே இருந்த உத்தியோகத்தர் கண்ணாடியைப் போட்டு, கடதாசியைத் தூரத்திலும் கிட்டத்திலும் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இது, வரியெல்லாம் களப்புத் தண்ணி மாதிரி ஆடுது?"

"ரோட்டில கொஞ்சம் பள்ளம் சேர்" என்றார் நானா.

உத்தியோகத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலால் வெளியே எட்டிக் கயிற்றால் கட்டிய காரையும் பார்த்தார். பிறகு கடதாசியைக் கோவையில் வைத்து, பெயர்ப் பட்டியலில் நஸ்லாவின் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார். "இனி ஒரே பெயரா எழுதுங்க மகள்" என்றார். நஸ்லா தலையை ஆட்டினாள். தாத்தா "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். கதவில் தட்டித் தட்டி அவருடைய உள்ளங்கை சிவந்திருந்தது.

வெளியே வந்தால் கார் கிளம்பவில்லை. அவசரத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இன்வேர்ட்டரை மறந்திருந்தோம். காவலாளியும் தாத்தாவும் நஸ்லாவும் நானும் தள்ளினோம். கோவையை அலுவலகத்திலேயே கொடுத்துவிட்டதால் நஸ்லாவுக்கு இரண்டு கையும் சும்மா இருந்தது. அவள்தான் சிரித்துச் சிரித்து எல்லாரையும்விடப் பலமாகத் தள்ளினாள். நானா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி "இன்னும் கொஞ்சம்! விட்டுறாதீங்க!" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் கண்ணைத் துடைத்ததைக் கண்ணாடியில் நான் பார்த்தேன். புழுதி என்று சொல்வார் என்பதால் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் என் ஆசனத்தில் ஒரு பலகை கிடந்தது. மடியில் வைக்கிற அளவு. ஓரமெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கி, அடியில் பஞ்சு வைத்துத் துணி தைத்திருந்தது. மேலே அடப்டர் போய் உட்கார ஒரு குழி, தளர்ந்த முனையை இறுக்கிப் பிடிக்க ஒரு சிறிய கவ்வி. முந்தின நாள் என் கை சுட்டதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"இது எதுக்கு நானா?" என்றேன்.

"லெப்டொப் சூடாகப்படாது. விலகூடின சாமான்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார்.

இப்போது நான் கொழும்பில் இருக்கிறேன். புது லெப்டொப், நல்ல பெட்டரி, அகலமான மேசை எல்லாம் உண்டு. நானா இன்னும் அதே காரில் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பலகையை மடியில் வைத்துத்தான் இதை அடிக்கிறேன்.