நாலாவது கால்

இனி வீட்டில் தன் பேச்சுதான் எடுபட வேண்டும் என்று மெத்தைக்காரர் பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தோளில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டு வந்தார். அவரை எழுப்பித் தள்ளி உட்காரச் சொல்ல வாய் வரவில்லை. இருந்தாலும் முடிவு முடிவுதான்.

எல்லாம் கடையில் அன்று நடந்த வகுப்பின் வேலை. மெத்தை விற்கிறவர்களுக்கு வாய் போதாது என்று முதலாளி ஒரு பயிற்சியாளரை வரவழைத்திருந்தார்.

"வாதம்ங்கறது கட்டில் மாதிரி. நாலு கால் வேணும்," என்றார் அவர். "சொல்ல வந்த விஷயம். அதுக்குக் காரணம். காரணத்துக்கு ஆதாரம். கடைசியா, எதிராளி என்ன மறுப்பு சொல்லுவாங்கன்னு யோசிச்சு, அவங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பதில்."

மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். நம்மவர் மட்டும் ஞானம் கிடைத்தவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் அவசரம் அவருக்கு. வேலை மாற்றலாகி மச்சினன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். உள்ளறை மனைவிக்கும் இரண்டு மகள்களுக்கும். கூடத்தில் ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே கிடக்கும் கட்டில் மெத்தைக்காரருக்கு. இந்த உலகத்தில் அவர் ஆண்டுகொண்டிருந்த ஒரே ராஜ்யம் அதுதான். விருந்தாளி வந்தால் பட்டம் யாருக்குப் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல், கடை டேப்பை எடுத்துக் கூடத்தை அளக்க ஆரம்பித்தார். மனைவி வெங்காயம் உரித்தபடியே பார்த்தாள்.

"என்னங்க, வீட்டை விக்கப் போறீங்களா?"

"உன் தம்பி இங்க தங்க முடியாது. இது நான் சொல்ல வந்த விஷயம்."

"சரி."

எதிராளி சரி என்றுவிட்டால் என்ன செய்வது என்று வகுப்பில் சொல்லித்தரவில்லை. அதனால் மேலே போனார்.

"காரணம், இடம் பத்தாது. ஆதாரம், இந்த டேப்பு. கூடத்துல ஒரு கட்டில்தான் பிடிக்கும். இன்னொண்ணு போட்டா வாசக்கதவைத் திறக்க முடியாது."

"நான்தான் சரின்னுட்டேனே."

அத்தோடு வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் மூன்று காலோடு கட்டிலை விட்டுவிட்டுப் போக அந்த நல்ல மாணவனுக்கு மனம் வரவில்லை.

"இரு. தரையில படுத்துக்கட்டுமேன்னு நீ கேப்ப."

"நான் கேக்கலையே."

"கேப்ப. அவனால தரையில படுக்க முடியாது. முதுகெலும்பு தேஞ்சிருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நல்ல மெத்தையா பாத்துத் தாங்க, அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமான்னு என்கிட்டதான் கேட்டான்."

வெங்காயம் உரித்த கை நின்றது.

"என் தம்பிக்கா? எப்பலேருந்து?"

"போன மாசத்துலேருந்து." நாலு காலும் ஊன்றிவிட்ட பெருமிதத்தில் மெத்தைக்காரர் டேப்பைச் சுருட்டினார்.

"லாட்ஜுல ரூம் போட்டுக்கறேன், மாமாவுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு காலையிலதான் போன் பண்ணான். நானும் சரின்னுட்டேன். நல்லவேளை சொன்னீங்க. லாட்ஜுக் கட்டில்ல அந்த முதுகை வெச்சுக்கிட்டு எப்படிப் படுப்பான்? சரியாகற வரைக்கும் அவன் இங்கதான்."

"இடம்?"

"அதான் அளந்து காட்டினீங்களே. ஒரு கட்டில் பிடிக்கும். ஜன்னலோரம் போட்டாச்சு. மெத்தையும் நீங்களே பொறுக்கி எடுத்தது."

"அப்ப நான் எங்க படுக்கறது? எனக்கும் முதுகு..."

"ஆதாரம்?"

ஆதாரம் இல்லை. ஒரு நாள்கூட லீவு போடாமல் கடையில் மெத்தை தூக்குகிற முதுகு அது.

அவள் டேப்பை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே தரையில் இழுத்துப் பிடித்தாள்.

"பிடிக்குங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நீங்க கொஞ்சம் காலை மடக்கிக்கணும், அவ்வளவுதான்."