கடைசி கோட்டிங்தான் நிற்கும் என்று சொன்னவன்

அன்று நயாஸ் பாயின் பிரவுசிங் கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். என் தங்கை ஜெயந்தி. அவள் வீட்டுக்காரர் முருகேசன். அவர்கள் மகள் பவித்ரா. என் மனைவி அமுதா. கடைக்காரர் நயாஸ். அப்புறம் நான். கடையில் நாற்காலி மூன்று. நல்ல நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் பெயின்டர். ஜோகுபாளையத்தில் வீடு. ஏழாவது வரை படித்தேன். அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கல்யாண வீட்டில்கூட சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு வந்துவிடுவேன். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் நிறையப் பேசினேன். அதைத்தான் எழுதுகிறேன்.

பவித்ரா பி.யு.சி., அதாவது பன்னிரண்டாவது, முடித்திருந்தாள். இன்ஜினியரிங் சேர சி.இ.டி. நுழைவுத் தேர்வு எழுதி ரேங்க்கும் வந்துவிட்டது. அடுத்த வேலை, வேண்டிய காலேஜையும் பாடத்தையும் வரிசையாகப் போட்டுக் கொடுப்பது. அந்த வரிசையைக் கம்ப்யூட்டர் மேலிருந்து படித்துக்கொண்டே வரும். ரேங்க்குக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். இது இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. (தெரியாது என்பதும் தெரியாது. அதுதான் ஆபத்து.)

பவித்ராவுக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஆசை. முருகேசனுக்கு வேறு ஆசை. அவர் சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருடமாகத் துணி விரித்துக் காட்டி, மடித்து வைக்கிறவர். "எது வேணா படிக்கட்டும் மச்சான். துணிப் பக்கம் மட்டும் வரக் கூடாது" என்பார்.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் காலேஜுக்குள் முதலில் போன ஆள் நான்தான். ஏணியோடு போனேன். இந்த ஊரில் ஒன்பது இன்ஜினியரிங் காலேஜுக்கு உள்ளேயும் வெளியேயும் பெயின்ட் அடித்திருக்கிறேன். ஜெயந்திக்கு அது போதுமாக இருந்தது.

"அண்ணன் எல்லா காலேஜும் பாத்திருக்கு" என்று நயாஸிடம் சொன்னாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

நயாஸ் காலேஜ் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். நான் தீர்ப்பு சொன்னேன்.

"இது?"

"வேணாம். பாத்ரூம் சுவர்ல ஈரம் ஏறியிருக்கு. சொன்னா கேக்கல. அதுமேலயே அடிக்கச் சொன்னாங்க."

"இது அண்ணா?"

"நல்ல காலேஜ். பட்டி பாத்து, ரெண்டு கோட்டிங் ப்ரைமர் போடச் சொன்னாங்க."

"இது பெரிய பேரு. எல்லாரும் கேக்கறாங்க."

"கடைசி பெஞ்ச் சுவரைப் பாத்தேன். ஒரு கிறுக்கல் இல்ல. பசங்க கிளாஸுக்கே வர்றதில்ல. இதுக்கு அடுத்தது பரவால்ல, சுவர் பூரா கிறுக்கி வச்சிருக்காங்க."

பவித்ரா நோட்டில் குறித்துக்கொண்டே வந்தாள். குனிந்த தலை. சிரித்தாளா என்று தெரியவில்லை.

மொத்தம் நாற்பத்துமூன்று சேர்ந்தது. சும்மா இருக்கட்டும் என்று தூரத்து காலேஜ்களையும் போட்டோம். பவித்ராவின் மேடம் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். நிறையப் போட்டால்தான் கைவிட்டுப் போகாது என்று. அதில் கடைசி, இரண்டு பஸ் மாறி ஒரு ரயிலும் ஏறிப் போகிற ஊரில் ஒரு காலேஜ். பாடம் டெக்ஸ்டைல், துணி பற்றிய படிப்பு. அவ்வளவு தூரத்தில் யார் சேரப் போகிறார்கள் என்று முருகேசனும் விட்டுவிட்டார்.

இனி வரிசை. இங்கேதான் என் வாய் முழுவதுமாகத் திறந்தது.

"தூரத்து காலேஜை முதல்ல போடு" என்றேன்.

நயாஸ் திரும்பிப் பார்த்தார். "அண்ணா, நல்லதைத்தானே முதல்ல போடணும்?"

"சுவர்ல முதல்ல எதை அடிப்ப?"

"எனக்கென்ன தெரியும் அண்ணா?"

"ப்ரைமர். அது மட்டமானது. அதுமேல ஒண்ணு. அதுமேல இன்னொண்ணு. கடைசி கோட்டிங்தான் நிக்கும். அதுதான் கண்ணுக்குத் தெரியும். நல்லதைக் கடைசியா போடு."

"மாமா" என்றாள் பவித்ரா. "மேலருந்து கீழதான் பாக்கும்னு மேடம் சொன்னாங்க."

"மேடம் எத்தனை காலேஜுக்கு பெயின்ட் அடிச்சிருக்காங்க?"

பவித்ரா நோட்டைப் புரட்டினாள். நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன்.

"ஏங்க, பொண்ணு சொல்றதையும் கொஞ்சம் கேளுங்களேன்" என்றாள் அமுதா.

"நீ சும்மா இரு."

நயாஸ் இன்னொரு தடவை "அண்ணா..." என்றார். "நீங்க ஜெராக்ஸ் போடுங்க பாய்" என்றேன். ஜாதி சான்றிதழ் ஜெராக்ஸ் பாக்கி இருந்தது. அவர் எழுந்து போய்விட்டார். நான் வாடிக்கையாளர் ஆயிற்றே. பவித்ரா நான் சொன்னபடியே ஒவ்வொன்றாகத் தட்டினாள். டெக்ஸ்டைல் ஒன்று. அவள் ஆசைப்பட்ட கம்ப்யூட்டர் நாற்பத்துமூன்று.

பாஸ்வேர்டை நயாஸ் ஒரு சீட்டில் எழுதிப் பவித்ராவிடம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். சின்னப் பெண், எங்காவது தொலைத்துவிடும் என்றேன்.

மறுநாள் தொம்மலூரில் வேலை. புது ஆபீஸ், நாலாவது மாடி. பெயின்டர் சட்டைப் பையில் காகிதம் நிற்காது. வியர்வை, தண்ணீர், தின்னர், எல்லாம் படும். நாங்கள் அளவு, கணக்கு எல்லாவற்றையும் சுவரில்தான் பென்சிலால் எழுதுவோம். லிஃப்ட் பக்கத்துச் சுவரில் பாஸ்வேர்டை எழுதினேன். சீட்டைக் கிழித்துப் போட்டேன். சீட்டு தொலையும், சுவர் எங்கே போகும்?

நாலு நாள் கழித்து முதல் பட்டியல் வந்தது. மோக் என்றார்கள். எனக்கு அந்த வார்த்தை புதிது. சாயங்காலம் எல்லாரும் மறுபடி நயாஸ் கடைக்குப் போனோம். அரைக் கிலோ மைசூர்பாக் நான் வாங்கியது. வழியில் பார்த்த மூன்று பேருக்கு ஒவ்வொரு துண்டு கொடுத்தேன். "பொண்ணுக்கு சீட்டு. நான்தான் பாத்துப் போட்டேன்" என்றேன். (ரிசல்ட்டை அப்போது இன்னும் பார்க்கவில்லை.)

பார்ப்பதற்கு பாஸ்வேர்டு வேண்டாம், சி.இ.டி. நம்பர் மட்டும் போதுமாம். நயாஸ் தட்டினார். திரை வந்தது. அவர் படிக்கவில்லை. பவித்ரா பக்கம் திரையைத் திருப்பினார்.

பவித்ரா படித்தாள். "டெக்ஸ்டைல்."

"எங்க?" என்றாள் ஜெயந்தி.

"ரெண்டு பஸ், ஒரு ரயிலு" என்றாள் அமுதா.

முருகேசன் மைசூர்பாக்கை வாயில் போட்டிருந்தார். மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்புறம் விழுங்கினார்.

"இருபத்திரண்டு வருஷம் நான் துணி மடிச்சேன் மச்சான். இவ இன்ஜினியராகி மடிக்கணுமா?"

கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார். நான் சுவரைப் பார்த்தேன். நயாஸ் கடைச் சுவரில் பெயின்ட் உரிந்திருந்தது. அதைப் பற்றி ஏதாவது சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"அப்பா, இது மோக்தான்" என்றாள் பவித்ரா. "சும்மா காட்டறது. நெஜமான சீட்டு இன்னும் குடுக்கல. நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் வரிசையை மாத்தலாம். உள்ள போறதுக்குப் பாஸ்வேர்டு வேணும். மாமா, பாஸ்வேர்டு எழுதின சீட்டு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"சுவர்ல இருக்கு" என்றேன்.

"எந்தச் சுவர்ல?"

"தொம்மலூர்ல."

ஜெயந்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். அமுதா மட்டும் கேட்டாள், "அந்தச் சுவருக்கு பெயின்ட் அடிச்சாச்சா?"

முந்தாநாள் அடித்தாயிற்று. ஒரு கோட்டிங் பட்டி, ஒன்று ப்ரைமர், மேலே இரண்டு. அடித்தது நான்தான். எழுதியிருந்ததைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். கை பழக்கம்.

காலையில் ஆறரைக்கே தொம்மலூர் போய்விட்டேன். உப்புத்தாளும் பட்டித் தகடும் எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்த இடத்தில் எழுதினேன் என்பது சரியாக நினைவில்லை. இடுப்பு உயரம் என்று தொடங்கினேன். அப்புறம் தோள் உயரம். ஒன்பது மணிக்கு, ஒரு ஆள் படுக்கிற அளவுக்குச் சுவரைச் சுரண்டியிருந்தேன். ஓர் இடத்தில் பென்சில் தெரிந்தது. சந்தோஷத்தில் எச்சில் தொட்டுத் துடைத்தேன். 'பட்டி 6 மூட்டை' என்றிருந்தது.

அப்போது சூப்பர்வைசர் வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர். அன்று நல்ல மனிதராகத் தெரியவில்லை.

"ஏனப்பா இது?" என்று கன்னடத்தில் கத்தினார்.

"டேம்ப் சார். செக் மாட்தா இதீனி" என்றேன். சுவரில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேனாம்.

"நாலாவது மாடில, லிஃப்ட் பக்கத்துல டேம்ப்பா?" தமிழுக்கு மாறிவிட்டார். கோபம் வந்தால் அவருக்கு எங்கள் பாஷைதான் வரும்.

போன் அடித்தது. பவித்ரா.

"மாமா, எங்க இருக்கீங்க?"

"சுவர்கிட்ட."

"என்ன பண்றீங்க?"

"தேடறேன்."

பக்கத்தில் யாரிடமோ "சுவர்கிட்ட இருக்காராம்" என்றாள். பிறகு, "மாமா, தேட வேணாம். பாஸ்வேர்டு மறந்துட்டா புதுசு போடலாம். நயாஸ் அண்ணன் சொன்னாரு. அதுக்கு உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும். அதைப் படிச்சா போதும். அன்னிக்கு உங்க நம்பரைத்தானே குடுக்கச் சொன்னீங்க?"

"இதை நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நேத்து கேக்கறதுக்குள்ள நீங்க எழுந்து போயிட்டீங்க மாமா."

உண்மைதான். தலை குனிந்து வீட்டுக்குப் போய்விட்டேன். மைசூர்பாக் பெட்டியைக்கூட எடுக்கவில்லை.

நம்பர் வந்தது. என் விரலில் பட்டித் தூள். திரை நகரவில்லை. மூக்கால் தள்ளினேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது எண்ணை நான் தப்பாகப் படித்தேன். "அது ஒம்பது அல்ல, எட்டு" என்று அவர்தான் திருத்தினார். விஷயத்தைச் சொன்னதும் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மகளா?" என்றார். "தங்கச்சி மக" என்றேன். "சாயங்காலத்துக்குள்ள சுவரை முடிச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மதியச் சாப்பாடு இல்லாமல் முடித்தேன். யாரும் சொல்லவில்லை. நானே எனக்குப் போட்டுக்கொண்ட தண்டனை.

சுவரை முடித்துவிட்டு நயாஸ் கடைக்கு ஓடினேன். உள்ளே பவித்ரா நாற்பத்துமூன்றையும் மேலே கீழே மாற்றிக்கொண்டிருந்தாள். நான் படியில் கால் வைத்தேன். அமுதா வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"நீங்க வெளியவே இருங்க. உள்ள வந்தா எதையாவது சொல்லுவீங்க."

"ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"நிக்கிற நிப்பே சொல்லும். போங்க."

வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். முருகேசனும் வந்து பக்கத்தில் நின்றார். அன்று கடைக்கு லீவு போட்டிருந்தார். இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம். கடைசியில் அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

நெஜமான பட்டியல் வந்த நாள், நான் வேலைக்குப் போகவில்லை. கடைக்கும் போகவில்லை. வீட்டில் படுத்திருந்தேன். பவித்ராவே வந்தாள். கம்ப்யூட்டர் கிடைத்திருந்தது. வரிசையில் மூன்றாவதாகப் போட்ட காலேஜ். ஒரே பஸ்.

"எந்தக் காலேஜ்?" என்றேன்.

"கடைசி பெஞ்ச் சுவர் பூரா கிறுக்கி வச்சிருக்காங்கன்னு சொன்னீங்களே மாமா, அது."

வேறு சிலர் அவளிடம் அந்தப் பெரிய பெயர் காலேஜை மேலே போடச் சொன்னார்களாம். கிறுக்கல் இல்லாத சுவர். அவள் அதைக் கீழே தள்ளிவிட்டாளாம். நான் சொன்னதில் அது ஒன்றைத்தான் மாற்றாமல் விட்டிருக்கிறாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்ணில் பட்டித் தூள் என்று சொல்லலாம். அன்று வேலைக்குத்தான் போகவில்லையே.

ஆறு வருடம் ஆயிற்று. பவித்ரா படித்து முடித்து வேலையில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் நான் இப்போது 'ப்ரைமர் மாமா'. ஜெயந்தியின் சின்னப் பையன் வைத்த பெயர். விசேஷத்தில் இலை போட்டால், முருகேசன் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "எங்க மச்சானுக்கு மட்டும் மோருலருந்து ஆரம்பிங்க" என்பார். பந்தியே சிரிக்கும். நானும் மோர் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு சாம்பாருக்குக் காத்திருப்பேன். என்ன செய்வது? சொன்னவன் நான்.

வருடா வருடம் சீட்டு நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை பவித்ரா நயாஸ் கடையில் உட்காருகிறாள். எங்கள் தெருப் பிள்ளைகளும் அப்பா அம்மாக்களும் வருவார்கள். ரேங்க்கைப் பார்த்து, பிள்ளைக்கு என்ன ஆசை என்று முதலில் பிள்ளையிடம் கேட்டு, வரிசை போட்டுக் கொடுக்கிறாள். பாஸ்வேர்டைப் பிள்ளை கையில்தான் கொடுப்பாள். கூட வருகிற மாமாக்களை, சித்தப்பாக்களை வெளியே அனுப்பிவிடுவாள். அவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். "உள்ள விடமாட்டேங்குறா பாருங்க" என்பார்கள். நான் நகர்ந்து இடம் கொடுப்பேன்.

எனக்கும் வாசலில் ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். வருகிற பிள்ளைகளுக்கு வரிசைப்படி டோக்கன் கிழித்துக் கொடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

இந்த வருடம் பதினேழு டோக்கன் கிழித்தேன்.