எங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் ஈரம்

இந்த வருஷம் பத்து நாள் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடுவதில்லை என்று முடிவு செய்தேன். அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. நாலு வருஷம் ஆற அமர யோசித்து எடுத்த முடிவு.

என் தொழில் பெரிய வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது. நாங்கள் இருப்பது காட்டை ஒட்டிய இடம். இங்கே வெயில் தரையைத் தொட வேண்டுமென்றால் மரங்களிடம் அனுமதி வாங்க வேண்டும். ஈரம் மட்டும் யாரையும் கேட்காமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று நாள் அசையாமல் நின்றால் ஆள் மேலேயே பாசி பிடித்துவிடும். அதனால் வசதியானவர்கள் வருஷா வருஷம் என்னைக் கூப்பிடுவார்கள். அவர்களுக்கு வெள்ளையிலேயே பதினாலு வெள்ளை உண்டு. ஒரு அம்மாள் மூன்று நாள் யோசித்து எட்டாம் நம்பர் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தார். அடித்து முடித்ததும், ஒன்பதாம் நம்பர் இன்னும் கொஞ்சம் வெள்ளையாக இருந்திருக்குமோ என்றார். இருந்திருக்கும் என்றேன். மறுபடி அடித்தோம்.

மழை விட்டுச் சுவர் காய்வது வருஷத்தில் சில வாரங்கள்தான். அந்த வாரங்களில் நானும் என் ஆட்களும் ஊரார் வீட்டுச் சுவர்களில் தொங்கிக்கொண்டிருப்போம். இந்த முறை வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பாக்கி ஒரே ஒரு வீடு. நாங்கள் அதற்குக் கண்ணாடி வீடு என்று பெயர் வைத்திருக்கிறோம். சொந்தக்காரர்கள் வந்து சாவி தரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். ஆட்களுக்கு லீவு கொடுத்தேன். எனக்கும் கொடுத்துக்கொண்டேன். வாசலில் விழும் அந்தத் துளி வெயிலில் சாய்வு நாற்காலியைப் போட்டு, கால் மேல் கால் போட்டுப் படுத்திருக்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. உண்மையாகவே உடம்பு கெஞ்சியது.

"பத்து நாள் லீவாமே," என்றாள் மனைவி.

"யார் சொன்னது?"

"மேஸ்திரி போன் பண்ணார். நீங்க நல்லா ரெஸ்ட் எடுக்கணுமாம். பார்த்துக்கச் சொன்னார்."

மேஸ்திரி என் ஆட்களுக்குத் தலைவர். தங்கமான மனசு, ஓட்டை வாய்.

"அப்ப நம்ம வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சிடலாம்," என்றாள்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கம்தான். வடக்குப் பக்கத்துச் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்து ஒரு தேசப்படமே ஆகியிருந்தது. ஒவ்வொரு மழைக்கும் எல்லை விரிந்துகொண்டே போனது.

"அடிக்கலாம்தான்," என்றேன். "ஆனா அது நீ நினைக்கிற மாதிரி இல்ல. அடிக்கிறது என்ன, என் ஆளுங்க ரெண்டு நாள்ல அடிச்சிட்டுப் போயிடுவாங்க. அதுக்கு முன்னாடி பூஞ்சையை அழிக்கிற மருந்துத் தண்ணி போட்டு வீடு பூரா தேய்ச்சுக் கழுவணும். அதுதான் பெண்டை நிமித்துற வேலை. நான் முதலாளி ஆனதே கழுவாம இருக்கறதுக்குத்தான்."

"கழுவுறதுதான் கஷ்டமா?"

"அது மட்டுமில்ல. சுவர் காயணும்."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் ஒரு சின்ன மீட்டர் இருக்கிறது. அதன் இரண்டு ஊசியைச் சுவரில் குத்தினால் ஈரத்தை எண்ணாகக் காட்டும். மூன்று நாள் தொடர்ந்து பதினைந்துக்குக் கீழே காட்டினால்தான் பெயிண்ட் டப்பாவைத் திறப்பேன். எந்தக் கோடீஸ்வரர் கெஞ்சினாலும் மாற மாட்டேன். நான் போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு என் மனைவிக்கும் இது மனப்பாடம்.

"சரி," என்றாள். "தினமும் காலைல ஏழு மணிக்கு என் எதிர்ல குத்திக் காட்டுங்க. மூணு நாள் பதினஞ்சுக்குக் கீழ வந்தா அடிக்கணும்."

"வரலன்னா?"

"வரலன்னா நீங்க படுத்துக்கங்க. நான் வாயே திறக்க மாட்டேன். நாலு வருஷமா நம்ம வீட்டுக்குன்னு எடுத்த கலர் அட்டையை வச்சிட்டிருக்கேன். அட்டையே கலர் மாறிப்போச்சு. இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கறேன்."

அவள் அந்தப் பக்கம் போனதும் ரகசியமாகக் குத்திப் பார்த்தேன். பன்னிரண்டு. இப்படியே போனால் மூன்றாம் நாள் டப்பாவைத் திறக்க வேண்டியதுதான்.

ஆனால் எந்தச் சுவர் எப்போது ஈரமாகும் என்று தெரியாதவனா நான்? அன்று மாலையே ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, ஸ்பாஞ்சோடு ஸ்டோர் ரூமில் ஒளித்து வைத்தேன். மறுநாள் விடியுமுன் பூனை போல எழுந்து, சுவரின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்குத் தேய்த்துவிட்டு வந்து படுத்துக்கொண்டேன். ஏழு மணிக்கு மீட்டர் இருபத்திரண்டு காட்டியது.

"அடடா," என்றேன், துக்கம் விசாரிக்கும் குரலில்.

"ஆமா, ஈரம்தான்," என்றாள். காலண்டரில் இருபத்திரண்டு என்று எழுதிக்கொண்டாள். அன்று முழுக்க நாற்காலியில் படுத்திருந்தேன். என் மேல் எனக்கே மரியாதை வந்தது.

இரண்டாம் நாள் காலை மீட்டரை எடுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போனேன்.

"நேத்து அங்கதானே குத்தினீங்க. இன்னைக்கு நடுவுல குத்துங்க."

நடுவில் பன்னிரண்டு. அவள் அதையும் காலண்டரில் எழுதிக்கொண்டாள். இனி எங்கே குத்தச் சொல்வாள் என்று தெரியாது. எனவே மூன்றாம் நாள் நாலு மணிக்கே எழுந்து முழுச் சுவரையும் நனைத்தேன். மேலாகத் தடவினால் தண்ணீர் வழிந்து போய்விடும். அழுத்தித் தேய்த்தால்தான் உள்ளே இறங்கும். தேய்த்தேன். இருபத்தி நாலு காட்டியது.

"இந்தச் சுவரை விட்டுடலாம்," என்றாள். "பாவம், அது வடக்குப் பக்கம். நாளைக்குத் தெற்குச் சுவரைப் பார்க்கலாம்."

தெற்குச் சுவரைத் தேய்த்தேன். அதற்கு அடுத்த நாள் படுக்கையறை. பிறகு நடைவழி.

"மேல எப்படி இருக்கும்? சீலிங்ல," என்றாள் ஒரு நாள்.

"அங்கதான் ஈரம் ஜாஸ்தி. வேணும்னா நாளைக்கு ஏணி போட்டுக் காட்டறேன்." நானேதான் சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

தோள் இற்றுப்போனது. பகலில் நாற்காலியில் விழுந்தால் வெயில் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஓய்வு என்பது இவ்வளவு களைப்பான வேலை என்று அதுவரை எனக்குத் தெரியாது. கை வேறு அரித்தது. குளிரில் தண்ணீரில் அளைவதால் இருக்கும் என்று நினைத்தேன். நல்லவேளை, நாலாம் நாள் வாளிக்குப் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை கிடந்தது. எப்போதோ நான் போட்டு மறந்ததாக இருக்கும் என்று மாட்டிக்கொண்டேன்.

இன்னொரு ஆச்சரியம். வீடே வர வர வெளிச்சமாகத் தெரிந்தது. வடக்குச் சுவரில் அந்தத் தேசப்படத்தைக் காணவே காணோம். நன்றாகத் தூங்கினால் கண்பார்வைகூடத் தெளியும் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். வேறு யாராவது என்றால் வாசனையிலேயே பிடித்திருப்பார்கள். என் மூக்கு இருபது வருஷம் பெயிண்ட் நெடியில் உழைத்து எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. எங்கள் வீட்டில் பால் தீய்ந்தால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் விடியற்காலை. சமையலறையில் ஏணி மேல் நின்று சீலிங்கின் கடைசி மூலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இதோடு லீவு முடிகிறது, ஜெயித்துவிட்டேன் என்ற நிம்மதி.

"இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கு," என்றது ஒரு குரல். "அழுத்தித் தேய்ங்க."

அழுத்தித் தேய்த்தேன். அந்தக் கறுப்பு போன பிறகுதான் குரல் யாருடையது என்று உறைத்தது. கீழே மனைவி இரண்டு டம்ளரில் டீயோடு நின்றாள்.

"நீ எப்ப எழுந்த?" என்றேன்.

"முதல் நாளே. இறங்குங்க, ஆறிடும்."

இறங்கினேன். ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து டீயை வாங்கிக்கொண்டேன். அசடு வழிவது என்று சொல்வார்களே, அது என் முகத்தில் ஸ்பாஞ்சுத் தண்ணீரோடு சேர்ந்து வழிந்தது.

"ஏன் அன்னைக்கே கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்க," என்றாள். "நீங்க சாயந்திரம் பிடிச்சு வைக்கிற தண்ணியைத் தினமும் நான் கொட்டிட்டு மருந்துத் தண்ணி கலந்து வச்சேன். மருந்து உங்க வண்டியிலயே இருந்துது. டப்பாவுல எழுதியிருக்கிற அளவுதான். கை அரிச்சதும் கையுறை வாங்கி வச்சேன். தினமும் நீங்க தூங்கினதும் நல்ல தண்ணியில ஒரு தடவை துடைச்சும் விட்டேன்."

இருபது வருஷ அனுபவம். ஊரில் எந்தப் பூஞ்சையும் என்னைக் கண்டால் நடுங்கும். என் வீட்டு வாளிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வெளிச்சம் வந்ததும் சுவர்களைப் பார்த்தேன். அப்பழுக்கில்லாமல் இருந்தன. சொன்னால் என்ன, கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இருந்தாலும் கடைசியாக ஒரு ஆயுதத்தை எடுத்தேன்.

"எல்லாம் சரி. ஈரச் சுவர்ல நான் அடிக்க மாட்டேன். தொழில்ல அது தப்பு."

அவள் காலண்டரைத் திருப்பினாள். பின்பக்கம் இன்னொரு கணக்கு இருந்தது. நான் அடுத்த சுவருக்குப் போனதும் அவள் முந்தின சுவரைத் தினமும் குத்திப் பார்த்து எழுதி வைத்திருக்கிறாள். வடக்குச் சுவர்: பதினாலு, பதிமூணு, பன்னிரண்டு.

"மூணு நாள் தொடர்ந்து," என்றாள். "சமையலறை மட்டும்தான் பாக்கி. மத்த ரூமை அடிச்சு முடிக்கிறதுக்குள்ள அதுவும் காஞ்சிடும். நாளைக்கு உங்க ஆளுங்க முதல்ல நம்ம வீட்டுக்குத்தான் வர்றாங்க. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். நீங்க எதையும் தொட வேண்டாம்."

போகட்டும், நாளை முதல் நான் முதலாளி. என் ஆட்கள் அடிப்பார்கள், நான் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பேன். ஒரு வகையில் இதுவும் லீவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு எழுந்தேன்.

"மேஸ்திரி நேத்து மத்தியானம் வந்து பார்த்துட்டுப் போனார்," என்றாள் டம்ளரை வாங்கிக்கொண்டே. "நீங்க வாசல்ல தூங்கிட்டிருந்தீங்க. இவ்வளவு சுத்தமா கழுவின ஆள் யாருன்னு அசந்துட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"மானம் போகக்கூடாதுன்னு உங்க பேரைச் சொல்லல. புது ஆளுன்னேன். கண்ணாடி வீட்டைக் கழுவ அந்த ஆளையே அனுப்பச் சொன்னார், வருவாருன்னுட்டேன்."