உங்கள் தங்கைக்கென்று வாங்கிய கீபோர்டு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அந்த அனைவரில் தயவுசெய்து என்னைச் சேர்க்க வேண்டாம். உங்கள் தங்கை என்னோடு பேசி இன்றோடு எட்டு நாள் ஆகிறது. அவளுடைய கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் என்னுடையது வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

டாக்டர்கள் பேசி அனுப்பும் அறிக்கைகளைக் கேட்டு டைப் அடிப்பவன் நான் என்பதும், பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துபவள் அவள் என்பதும் தாங்கள் அறிந்ததே. என்னிடம் ஏற்கெனவே ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு இருக்கிறது. விசைகள் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு குறையும் இல்லை. குறையில்லாத பொருளை வைத்துக்கொண்டு மனிதன் சும்மா இருப்பானா? விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சில் பல வகை உண்டாம். மற்றதையும் தட்டிப் பார்க்காமல் கண்ணை மூடக் கூடாது என்று புத்தி கெட்டுப்போய், ஒன்பது வகை சுவிட்ச் பதித்த மாதிரிப் பலகை ஒன்றை வரவழைத்தேன். சாப்பாட்டு மேஜை, படுக்கை, குளியலறை என்று அது என் கூடவே வந்தது. "நல்லா இருக்கிற ஒண்ணு இருக்கும்போது இன்னொண்ணு யாருக்கு?" என்று அவள் கேட்டாள். வாய் சும்மா இருந்திருக்கலாம். "உன் பிறந்தநாளுக்குத்தான்" என்று சொல்லித் தொலைத்தேன்.

மச்சான், அவள் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக அழுத்தி, நான்காவதில் நின்றாள். பாதி இறங்கியதும் லேசாக ஓர் இடறல், அவ்வளவுதான். "இதுதாங்க. மணிக்கட்டு வலிக்காது" என்றாள். நானும் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு ஏழாவது சுவிட்ச் போட்ட கீபோர்டை வாங்கினேன். ஏழாவது அழுத்தமாக இறங்கி 'டக்' என்று சொல்லும். தட்டத் தட்டக் காது குளிரும். நான்காவதும் என்னுடையதும் ஏறக்குறைய ஒன்றுதானே, ஒரு வீட்டில் அதே மாதிரி இரண்டு எதற்கு என்பது அன்று எனக்குப் பெரிய நியாயமாகப் பட்டது. இன்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிறந்தநாள் அன்று பெட்டியைப் பிரித்ததும் நானேதான். "ஒரு நிமிஷம், சரியா வேலை செய்யுதான்னு பாத்துடறேன்" என்று உட்கார்ந்தவன், இரண்டு சிறுநீரக அறிக்கையும் ஒரு முழங்கால் அறிக்கையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். பெட்டியைச் சுற்றியிருந்த காகிதத்தை நான்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"இது நான் சொன்னது இல்லையே?"

"அதைவிட இது ஒசத்தி."

"யாருக்கு வாங்கினீங்க?"

"உனக்குத்தான்."

"அப்ப எழுந்திரிங்க."

கீபோர்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனவள்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் டைப் அடித்து, கூடத்தில் இருக்கும் பிரிண்டருக்கு அனுப்புகிறாள். "பால் இல்லை." "பல்பு மாற்றவும்." முன்பெல்லாம் அவளுக்குக் கோபம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும், இப்போது தயாராகும்போதே சுவர் வழியாகக் கேட்கிறது. நடுநடுவே சத்தம் நின்றுபோகும். மணிக்கட்டை அமுக்கி விட்டுக்கொள்கிறாள் என்று தெரியும், எழுந்து போக முகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பேன். நேற்று நாற்பது நிமிடம் விடாமல் தட்டினாள். பிரிண்டரில் ஒரு தாளும் வரவில்லை. அண்ணனுக்குத்தான் எழுதுகிறாள் என்று இன்று நானும் என் கீபோர்டை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

அவள் எழுதியிருப்பது அத்தனையும் உண்மை. அவள் பெயரைச் சொல்லி எனக்கு வாங்கிக்கொண்டேன். அவள் கை வலியைத் தெரிந்தே மறந்தேன். மிகவும் வருந்துகிறேன். நீங்கள்தான் ஒரு வார்த்தை சொல்லி அவளைப் பேச வைக்க வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் என்னைப் போலில்லாமல் புத்தியோடு வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: அண்ணா, இதைப் பேனாவால் எழுதுவது நான். மேலே உள்ளது பிரிண்டரில் கிடந்தது. உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. நேற்று நாற்பது நிமிடமும் "வந்து கேளுங்க, வந்து கேளுங்க" என்று அதையேதான் தட்டிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டாவது எழுந்து வருவார் என்று. பக்கத்து அறைக்கு வராமல் உன்னிடம் போய் வருத்தம் தெரிவித்திருக்கிறார். நீ பதில் எதுவும் போடாதே. போட்டால், காரியம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார்.