ரத்தம் வராத விபத்து

உலகத்துலயே பத்திரமான இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? பேங்க் லாக்கர்னு சொல்லிடாதீங்க. எண்ணெய் அழுத்தத்தால இரும்பை நசுக்கி வளைக்கிற ஒரு ஹைட்ராலிக் பிரஸ் பட்டறைதான். சுவரெல்லாம் எச்சரிக்கை, தூணெல்லாம் அம்புக்குறி. பாதுகாப்பு அதிகாரி தும்மினாக்கூட ஹெல்மெட்டோடதான் தும்முவார்.

ஒரு நாள் ஒரு பிரஸ்ஸோட எண்ணெய்க் குழாய்ல எங்கயோ எண்ணெய் கசிஞ்சது. ஓட்டை கண்ணுக்குத் தெரியல. மெஷினை நிறுத்தலாம்னா அனுமதிச் சீட்டு வேணும். அதுல கையெழுத்துப் போடுற அந்தப் பாதுகாப்பு அதிகாரி பாதுகாப்புக் கூட்டத்துல இருந்தார். சரி, அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தா எண்ணெய் பீய்ச்சுற இடம் தெரியும். அதுக்கும் வழியில்ல. அட்டை தீப்பிடிக்கும்னு போன வாரம்தான் பட்டறையை "அட்டையற்ற மண்டலம்" ஆக்கியிருந்தார் அதே அதிகாரி.

மெஷினைப் பழுது பார்க்குற ஃபிட்டர் என்ன பண்ணுவார், பாவம். வலது கையை நீட்டினார். தொட்டே நட்டோட அளவைச் சொல்ற கை அது.

சுருக்குன்னுச்சு. ஆள்காட்டி விரல்ல குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, அவ்வளவுதான். பத்து நிமிஷத்துல விரல் வெளிறி வீங்கிடுச்சு. அதே பட்டறையில வெல்டரா இருந்த அவர் பொண்டாட்டியோட தம்பி பார்த்துட்டுப் பதறிட்டான்.

"மாமா, அழுத்தத்துல எண்ணெய் தோலைத் துளைச்சு உள்ள பாய்ஞ்சிருக்கு. இப்பவே ஆஸ்பத்திரி போகலைன்னா விரல் போயிடும்!"

கேட்டைத் தாண்டவும் சீட்டு வேணும். ரெண்டு பேரும் கூட்டத்துக்கு ஓடினாங்க. "கையே நம் செல்வம்"னு அதிகாரி முழங்கிட்டு இருந்தார்.

"சார், மாமாவுக்கு விரல்ல அடி. கேட் சீட்டு குடுங்க."

"ரத்தம் எங்கப்பா?"

"வரல சார். எண்ணெய்தான் உள்ள போயிருக்கு."

"படிவத்துல ரத்தம் வந்த இடம்னு ஒரு கட்டம் இருக்கே. காலியா விட்டா நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"வேணும்னா பிளேடால ஒரு கீறு கீறி விடவா சார்?"

"பிளேடுக்கு இங்க தடை. உக்காருங்க, பேச்சு முடியட்டும்."

பேச்சு ரெண்டரை மணி நேரம் ஓடுச்சு. பாதியில அதிகாரி மனசு நொந்து கேட்டார்: "எல்லாரும் கைதட்டுறாங்க, நீங்க மட்டும் ஏன்யா சும்மா இருக்கீங்க?"

ஃபிட்டர் பல்லைக் கடிச்சுக்கிட்டு வீங்கின கையைத் தூக்கிக் காட்டினார்.

"சந்தேகமெல்லாம் கடைசியில கேளுங்க"ன்னுட்டு அதிகாரி பேச்சைத் தொடர்ந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில ஃபிட்டரோட வலது கையில ரெண்டு விரலை எடுத்தாங்க. கட்டிலுக்கே மெமோ வந்தது: 'ஓடும் மெஷினில் கை வைத்தது ஏன்? சொந்தக் கையால் எழுதி இன்றே விளக்கம் தரவும்.'