இன்ஸ்பெக்டருக்கு எதுவும் கொடுக்கக் கூடாது

ராஜபாளையத்தில் இன்ஸ்பெக்டர் ஒருவர், நாளைக் காலை வரை யார் கையிலிருந்தும் எதுவும் வாங்காமல் இருந்து காட்டுவார் என்று முத்துராமலிங்கம் சத்தியம் செய்தபோது, டீக்கடை வில்சனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

"உங்க இன்ஸ்பெக்டரா? என் கடையில ரஸ்க் டப்பாவைத் தொறந்தா, தேவதானத்துல நின்னாலும் அவனுக்குக் கேக்குமே ஏட்டையா."

இன்ஸ்பெக்டர் என்பது முத்துராமலிங்கத்தின் நாய். பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, அசல் ராஜபாளையம் ஜாதி. சர்வீஸ் முழுக்க இன்ஸ்பெக்டர்களுக்குச் சல்யூட் அடித்தே தோள்பட்டை தேய்ந்த ஏட்டு, ரிட்டயர் ஆன மறுநாளே ஒரு குட்டி வாங்கி அந்தப் பெயரை வைத்தார். "இன்ஸ்பெக்டர், உக்காரு" என்று சொல்வதில் கிடைத்த சுகம் அவருக்குப் பென்ஷனில்கூடக் கிடைக்கவில்லை.

அந்த இன்ஸ்பெக்டரின் வயிற்றில் இப்போது எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபரேஷன்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது," என்று டாக்டர் இவாஞ்சலின் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "மயக்கத்துல வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள்ள போச்சுன்னா உசுருக்கே ஆபத்து. தள்ளிப்போடவும் முடியாது, கட்டி வளந்துக்கிட்டே வருது."

அதுவோ தெருவே ஊட்டி வளர்த்த நாய். முத்துராமலிங்கம் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னார். ஆபரேஷன் என்று கேட்டதும் தெரு உருகிவிட்டது. பக்கத்து வீட்டு கேத்ரின் ஆட்டு ஈரலோடு வந்தாள். எதிர்வீட்டு நாச்சியார் பால்கோவாவோடு வந்தாள்.

"நாளைக்கு எப்படியோ என்னமோ, ஒரு வாய் தின்னுட்டுப் போகட்டுமே," என்றாள்.

"நீ ஒரு வாய் குடுத்தாத்தான் தாயி அது போயிரும்."

நாயைக் கொல்லையில் கட்டினார். மதிலுக்கு மேலாக இட்லி பறந்து வந்தது. அன்று பெய்த இட்லியில் ஒரு கல்யாணப் பந்தியே போட்டிருக்கலாம். ஸ்டேஷன் கிரிக்கெட்டில் ஒரு கேட்ச்கூடப் பிடிக்காதவர், அத்தனையையும் ஓடி ஓடிப் பிடித்தார்.

மூச்சு வாங்க வந்து, வாசல் கேட்டில் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு போர்டு எழுதி மாட்டினார்: 'இன்ஸ்பெக்டருக்கு யாரும் எதுவும் கொடுக்கக் கூடாது. இப்படிக்கு, முத்துராமலிங்கம், ஓய்வுபெற்ற ஏட்டு.'

இட்லி நின்றது. ஜனம் வந்தது.

போர்டின் படம் செல்போன் செல்போனாகத் தாவிக் கான்சாபுரம் வரை போய்விட்டது. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ்ஸே நின்று பார்த்துவிட்டுப் போனது. யாரோ ஒருவர் அவருக்குத் துண்டு போர்த்தினார்.

"ஐயா, இம்புட்டுத் தைரியம் யாருக்கு வரும்?"

"தைரியம் என்ன தைரியம்," என்று முத்துராமலிங்கம் கண் கலங்கினார். "எல்லாம் அவன் நல்லதுக்குத்தான். திங்கிறதை நிறுத்துனாத்தான் பொழைப்பான்."

கூட்டம் கைதட்டி ஓய்வதற்குள் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் இன்ஸ்பெக்டர் விஜயபாண்டி. முத்துராமலிங்கத்தின் கை தானாகச் சல்யூட்டுக்கு எழுந்தது.

"என்ன ஏட்டு இது? நான் எப்ப வாங்குனேன்?"

"நீங்க இல்லய்யா. இன்ஸ்பெக்டருக்கு வயித்துல கட்டி. நாளைக்கு மயக்க ஊசி போட்டு அறுக்கப்போறாங்க."

விஜயபாண்டி தன் தொந்தியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "யாரு சொன்னா?"

ஏட்டு உள்ளே ஓடிக் கட்டை அவிழ்த்துவிட்டு வந்து, "இன்ஸ்பெக்டர், வாலே இங்க," என்று குரல் கொடுத்தார். பழக்கதோஷத்தில் விஜயபாண்டி ஓரடி எடுத்து வைத்துவிட்டார். நாய் முந்திக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஊரோரத்துச் சஞ்சீவி மலை ஒரு சாண் நகர்ந்திருக்கும்.

"போர்டை இறக்கு," என்றார் விஜயபாண்டி.

ஏட்டின் கை போர்டு வரை போய் நின்றது. காலடியில் நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஆயுளில் முதல் தடவையாக ஓர் இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"முடியாதுங்கய்யா. இப்ப இறக்குனா இட்லி வரும்."

அத்தனை செல்போன்களும் விஜயபாண்டியையே பார்த்தன. அவர் நாயைப் பார்த்தார். பிறகு ஜீப்பிலிருந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"சிவபாண்டி, விடியுற வரைக்கும் கேட்ல நில்லு. இன்ஸ்பெக்டருக்கு ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கக் கூடாது. அதாவது, நாய்க்கு."

போலீஸ் பந்தோபஸ்தோடு பட்டினி கிடந்த நாய், உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மறுநாள் டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "இம்புட்டுக் காலியான வயித்தை நான் பாத்ததே இல்ல," என்றார். கட்டி சுத்தமாக வந்துவிட்டது. சாயங்காலம் மயக்கம் முழுசாகத் தெளியாமல் ஆட்டோவிலிருந்து தள்ளாடி இறங்கிய இன்ஸ்பெக்டருக்குத் தெருவே மேளம் இல்லாத ஊர்வலம் நடத்தியது.

முத்துராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை வாசலில் போய் நின்றார்.

"இப்ப என்ன சொல்லுத வில்சா? இன்ஸ்பெக்டர் வாங்குனாரா?"

"வாங்கல ஏட்டையா. ஒத்துக்கிடுதேன். இந்தக் கண்ணால பாத்தேன், இன்னும் நம்ப முடியல."

"பின்ன, யாரு வளத்த நாயி?"

"நாயை யாரு சொன்னா?" என்றான் வில்சன். "நேத்து ஜீப்புல வந்தவரு, நம்ம கடையில டீயைக் குடிச்சிட்டுக் காசு குடுத்துட்டுல்ல போனாரு."